சைன் திரும்பி வரும் இடம்

அப்பா வரட்டும், ஆனா ஒண்ணும் சொல்லப்படாது. மகள் பகவதி போனில் சொன்னதைக் காலையில் மனைவி சிவகாமி இட்லித் தட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து, கூட்டாமல் குறைக்காமல் அப்படியே ஒப்பித்துவிட்டுச் சட்னி எடுக்க உள்ளே போய்விட்டாள். அந்தச் சட்னி வந்து, ஊற்றி, தின்று, கை கழுவி, பஸ் பிடித்து, பாளையங்கோட்டைக்கு வந்து, காலை வகுப்புகளை எடுத்து முடித்து, இதோ மத்தியானம் இந்தத் தேர்வு அறையில் கேள்வித்தாளையும் கொடுத்தாகிவிட்டது. ஆவுடையப்பனுக்கு இட்லி செரித்துவிட்டது, அந்த வாக்கியம் செரிக்கவில்லை. ஒண்ணும் என்றால் எதுவரைக்கும்? கடை நல்லா இருக்கு என்று சொல்லலாமா? அதுவும் சொல்வதில்தானே சேரும். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் பகவதி தையல் கடை திறக்கிறாள். பெற்ற மகள் கடை திறக்கிறாள், வாசலில் வாழை கட்டுவார்கள், பால் காய்ச்சுவார்கள், அப்பன் என்று ஒருத்தன் ஓரமாகக் கை கட்டிக்கொண்டு வாய்க்குப் பூட்டுப் போட்டு நிற்க வேண்டும். வேறு யாரிடம் இப்படி ஒரு நிபந்தனை போட்டாலும் போகட்டும். முப்பது வருஷமாகக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவனிடம், சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிறவனிடம், வாயை வீட்டில் வைத்துவிட்டு வா என்றால் மிச்சம் என்ன வரும்? சட்டையும் வேட்டியும்தான் வரும். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். சிவகாமியும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அறை அமைதியாக இருந்தது. பழைய கட்டடம், ஒரு பக்கம் மட்டும்தான் ஜன்னல், மற்றப் பக்கம் சுண்ணாம்புச் சுவர். மின்விசிறி கறக் கறக் என்று சுற்றியது. பேனாக்களின் சத்தம், யாரோ ஒருத்தன் செருப்பைத் தரையில் தேய்க்கிற சத்தம். அவர் இந்த அறையில் நிற்பதே சட்டப்படி சரியில்லை. கணக்கு வாத்தியார் கணக்குத் தேர்வுக்கு மேற்பார்வை பார்க்கக் கூடாது என்பது விதி. விடை தெரிந்தவன் அறைக்குள் உலவக் கூடாது, தெரியாதவன்தான் உலவ வேண்டும். இன்றைக்கு வர வேண்டியவர் தாவரவியல்காரர். அவருக்குச் சிறுநீரகத்தில் கல், ராத்திரியே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தேர்வுப் பொறுப்பாளர் ராஜமாணிக்கம் மத்தியானச் சோற்றில் கை வைத்தவரை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டான். "ஏ ஆவுடை, கோவிச்சுக்கிடாத. ஆளே இல்லடே. மூணு மணி நேரம் சும்மா நடந்துட்டு வா." "ஏல, நான் கணக்குடே. கணக்குப் பரீட்சைக்கு நான் எப்படி?" "நீ கணக்குன்னு உன் நெத்தியிலயா எழுதி ஒட்டிருக்கு? கேள்வித்தாள மட்டும் பாக்காத. பாத்தாத்தான உனக்கு வாய் ஊறும்." எல்லாரும் அவர் வாயைப் பற்றியே பேசுகிறார்கள் இன்றைக்கு. ஊரே சேர்ந்து முடிவு செய்திருக்கிறதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டே விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

ஜன்னல் ஓரத்து வரிசையில் மூன்றாவது பெஞ்சில் அந்த அம்மாள். விடைத்தாளில் கையெழுத்துப் போடப் போனபோதுதான் சரியாகப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும், கண்ணாடி, காலர் வைத்துத் தைத்த நீல ரவிக்கை, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி வயலில் இறங்கப் போகிறவளைப்போல உட்கார்ந்திருந்தாள். ஹால் டிக்கெட்டில் சண்முகவடிவு என்று போட்டிருந்தது. படம் மட்டும் கல்லூரிக் காலத்துப் பெண்ணின் படமாக இருந்தது, ரெட்டை ஜடை. அவர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்க, அவளே சொன்னாள்: "நான்தான் சார் அது. பழைய படம்தான் ஒட்டணும்னு நெனச்சிட்டேன். புதுசு கேட்டா மாத்தித் தாரேன்." "இல்ல இல்ல, இருக்கட்டும்." "இந்த ஒரு பேப்பர்தான் சார் பாக்கி நிக்கி. அப்பமே கல்யாணம் ஆயிட்டு, அப்படியே விட்டுப்போச்சு. இப்பம் பழைய ஆளுங்களுக்கெல்லாம் கடேசித் தடவைன்னு சான்ஸ் குடுத்துருக்காங்கல்லா. இதுல போனா போனதுதான்." அவர் கையெழுத்துப் போட்டார். அவள் குரலைத் தாழ்த்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எம் மவளும் இந்த வருஷம் மேத்ஸ்தான் சார் சேந்துருக்கா. அவ பாஸாகுறதுக்கு முந்தி நான் பாஸாயிரணும், இல்லன்னா வீட்ல மானம் போயிரும்" என்றாள். மகள் கணக்கு எடுத்துப் படிக்கிறாளாம். சிலருக்கு வாய்க்கிறது. நல்லா எழுதுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.

கேள்வித்தாளைப் பார்க்கவில்லை, கொஞ்ச நேரம். மிச்சம் விழுந்த தாள்கள் மேசைமேல் குப்புறக் கிடந்தன, காற்றில் ஒரு முனை தூக்கித் தூக்கி விழுந்தது. காற்று பண்ணின வேலை என்று வைத்துக்கொள்ளலாம். நுண்கணிதம். முதல் பகுதியில் வழக்கமான சின்னச் சின்னவை. சைனைத் தொகையிட்டால் மைனஸ் காஸ். அந்த மைனஸைத் தொலைத்துவிட்டு வருவதற்கென்றே ஒவ்வொரு வருஷமும் ஒரு கூட்டம் பிறந்து வருகிறது. சைன் வர்க்கத்துக்கு இரட்டைக் கோணத்தைப் பிடித்துப் பாதியாக்க வேண்டும், அது தெரிந்தால் பாயசம், தெரியாவிட்டால் பட்டினி. பக்கத்தைத் திருப்பினார். கடைசிக் கேள்வியைப் பார்த்ததும், கல்யாண வீட்டுப் பந்தியில் பழைய சிநேகிதனைப் பார்த்தமாதிரி முகம் மலர்ந்துவிட்டது. ஈ பவர் எக்ஸ், பெருக்கல் சைன் எக்ஸ். தொகை காண்க. வாங்க சாமி, எத்தனை வருஷம் ஆச்சு. இரண்டு ஆட்கள் கை கோத்து நிற்கிறார்கள். அப்படியே தூக்க முடியாது, பகுதி பகுதியாகத்தான் தொகையிட வேண்டும். ஒருத்தரை வகையிடு, இன்னொருத்தரைத் தொகையிடு. சைனை வகையிட்டால் காஸ் ஆகும், ஈ பவர் எக்ஸ் எதுக்கும் அசையாத ஆள், தொகையிட்டாலும் அதேதான். ஆக ஒரு சுற்று முடிந்ததும் சைன் இருந்த இடத்தில் காஸ் நிற்கும். கஷ்டம் குறையவில்லை, சட்டை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு சுற்றுப் போனால் காஸ் மறுபடி சைன் ஆகிவிடும், ஆரம்பித்த கேள்வியே முன்னால் வந்து நிற்கும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைப்பார்கள். போன வழியே திரும்பி வந்துவிட்டோமே சார், சுத்தி அடிச்சிட்டோமே சார் என்பார்கள். இல்லடே, பயப்படாத, நல்லாப் பாரு, வரும்போது முன்னால ஒரு மைனஸோட வந்திருக்கு பாரு, அதைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டா, ஒண்ணு ரெண்டாச்சா, ரெண்டால வகு, சோலி முடிஞ்சுது என்பார். வகுப்பில் ஒரு ஆ என்ற சத்தம் எழும்பும். அந்த ஒரு ஆ-வுக்காகத்தான் இத்தனை வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்றார்.

ஒரே ஒரு குழி உண்டு. இரண்டாம் சுற்றில் ஆளை மாற்றிவிடக் கூடாது. முதல் தடவை சைனை வகையிட்டாயா, இரண்டாம் தடவையும் காஸைத்தான் வகையிட வேண்டும். அப்போது போய் ஈ பவர் எக்ஸை வகையிட்டு, காஸைத் தொகையிட்டாயோ, முதல் சுற்றில் அவிழ்த்த முடிச்சை நீயே திரும்பப் போட்டுவிடுகிறாய். எல்லாம் அடிபட்டுப் போய், கேள்வி சமம் கேள்வி என்று முடியும். தப்பு என்று சொல்லவும் முடியாது, உண்மைதான், கேள்வி கேள்விக்குச் சமம்தான், அதற்கு யார் மார்க் போடுவார்கள்? கவனமில்லாத பிள்ளை இந்தக் குழியில் விழாது, அது முதல் சுற்றுக்கே வராது. ஓரளவுக்கு வேலை தெரிந்து, மனசைப் போட்டுப் படித்து, ஆனால் தன்மேல் நம்பிக்கை இல்லாமல், போன தடவை எடுத்தது சரியோ தப்போ, எதுக்கும் இந்தத் தடவை மாத்திப் பார்ப்போம் என்று நினைக்கிற பிள்ளைதான் விழும். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மேற்கே மலைப்பக்கம் மேகம் இறங்கிவிட்டது போல. ஒரு இடி உருண்டது, அத்தோடு மின்விசிறி ஓய்ந்தது, டியூப் லைட் அணைந்தது. ப்ச் என்று அறை முழுக்க ஒரு சத்தம். "எழுதுங்க, எழுதுங்க, வந்துரும்" என்றார் ஆவுடையப்பன், மின்வாரியமே தன் சட்டைப்பையில் இருக்கிற தோரணையில். ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். சுவர்ப்பக்கம் இருந்தவர்களை ஜன்னல்பக்கம் காலி பெஞ்சுகளுக்கு மாற்றி உட்கார வைத்தார். அப்படி மாற்றிக்கொண்டு வரும்போது கண் தானாகச் சண்முகவடிவின் தாளில் விழுந்தது.

கடைசிக் கணக்குக்கு வந்துவிட்டாள். முதல் சுற்று அழகு. கையெழுத்தும் நல்ல குண்டு குண்டான கையெழுத்து. சைனை வகையிட்டிருக்கிறாள், காஸ் வந்துவிட்டது, மைனஸ் பத்திரமாக இருக்கிறது. ஆவுடையப்பன் மனசுக்குள் ஒரு சரி போட்டார். பிறகு அவள் பேனா நின்றது, யோசித்தது, இரண்டாம் சுற்றில் ஈ பவர் எக்ஸை வகையிட இறங்கியது. போச்சு. வேண்டாம் தாயே, மாத்தாத, மாத்தாத. எழுதினாள், சுருக்கினாள், அடித்தாள், கடைசி வரியில் கேள்வி சமம் கேள்வி. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்கே ஒரு கோடு போட்டு முழுவதையும் அடித்தாள். பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஈ பவர் எக்ஸை வகையிட்டுத் தொடங்கினாள். அதுவும் சரிதான், அப்படியும் வரும், மாற்றாமல் போனால் வரும். இரண்டாம் சுற்றில் மறுபடி மாற்றினாள். கேள்வி சமம் கேள்வி. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். தப்பு கண்ணாடியில் இல்லையே அம்மா. ஆவுடையப்பன் விலகி நடந்தார். கரும்பலகை வரை போய்த் திரும்பினார். ஒரே ஒரு வார்த்தை. மாத்தாதீங்க. அதில் என்ன கணக்கு இருக்கிறது? மருந்தை மாத்தாதீங்க என்பதில்லையா, டிரைவரை மாத்தாதீங்க என்பதில்லையா, அது மாதிரி ஒரு பொதுவான வார்த்தை. வார்த்தைகூட வேண்டாம், தாளின் அந்த வரியில் விரலை வைத்துவிட்டு நடந்துவிடலாம். ஈ உட்கார்ந்தது, தட்டிவிட்டேன் என்று சொல்லலாம்.

பகவதி நோட்டில் விரல் வைத்ததில்லை, பேனாவையே பிடுங்குவார். பிளஸ் டூவில் ஆரம்பித்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவள் மேசையில் உட்காருவாள், அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார். சும்மாதான் நிற்கிறேன், நீ போடு. அவள் இரண்டு வரி போடுவாள். மூன்றாவது வரியில் அவருக்குப் பொறுக்காது. இங்க தா. பேனா கைமாறும். கணக்கு ஓடி முடியும், கீழே இரண்டு கோடு போட்டு, பாத்தியா, இவ்வளவுதான் என்பார். அவள் பார்ப்பாள். நோட்டு முழுக்க அவர் கையெழுத்துதான், அட்டையில் மட்டும் அவள் பெயர். அப்போது ஒரு விஷயம் அவருக்கு எரிச்சலாக இருக்கும்: நோட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது அவளுக்கு. எழுத எழுதக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போவாள், மேசை நடுவில் இருந்த நோட்டு ஓரத்துக்குப் போய்விடும், பாதி வெளியே தொங்கும், உடம்பை ஒடித்துக்கொண்டு எழுதுவாள். நேரா வச்சு எழுதுட்டி, கூன் விழுந்துரும் என்று அவரே நோட்டை நடுவுக்கு இழுத்து வைப்பார். மறுபடியும் நகரும். இவ்வளவு பெரிய மேசை இருக்கும்போது ஓரத்தில் என்ன வைத்திருக்கிறாளோ என்று சிவகாமியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்புறம் அவர் கல்லூரியிலேயே, அவர் துறையிலேயே சேர்த்தார். முதல் பருவத்தில் நுண்கணிதத்தில் தோற்றுப்போய்விட்டாள். அவர் மகள், அவர் பாடம். ஆசிரியர் அறையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டார், எங்கட்டி விட்ட, எந்த இடத்துல விட்ட? அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "தெரியலப்பா. வீட்ல எல்லாக் கணக்கையும் நீங்க போட்டிய. பரீட்சை ஹாலுக்கு நான் தனியால்லா போனேன்." வாய்க்கு வாய் பேசுகிறாள் என்று கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஓங்கினதே போதுமாக இருந்தது. இரண்டாம் வருஷம் பாதியில் நிறுத்திவிட்டு, கோயம்புத்தூரில் தையல் படிக்கப் போனாள்.

அதற்கப்புறம் அவர் முயற்சி பண்ணாமலா இருந்தார்? தீபாவளிக்குப் போன் போட்டார். எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டுதான் போட்டார். "தப்பு எம் பேர்லதாம்மா. உன்ன நான் போட்டுப் படுத்திட்டேன்" என்றார். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள், சரிப்பா, விடுங்க, சாப்பிட்டியளா என்று கேட்டாள். எத்தனை நாள் கழித்து. அங்கேயே வைத்திருக்கலாம் போனை. வைத்தாரா? "அதுக்குத்தான் சொல்லுதேன், இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போகல, தபால்லயாவது டிகிரிய முடிச்சிட்டன்னா..." அம்மாட்டக் குடுங்க என்று அந்தப் பக்கம் கேட்டது. பொங்கலுக்கும் அப்படித்தான். முதல் பாதியில் இறங்கி வருவார், அவளும் வருவாள், இரண்டாம் பாதியில் பழையபடி வாத்தியாராகிவிடுவார், எல்லாம் அடிபட்டுப் போகும், ஆரம்பித்த இடம். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மாத்தாத மாத்தாத என்று சொல்கிறவன். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஆவுடையப்பன் இதை நினைத்ததும் சட்டென்று நிமிர்ந்து அறையைப் பார்த்தார், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. யாரும் கேட்கவில்லை. ஒரு பையன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், மற்றவர்கள் தலை குனிந்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

நேரம் குறைந்துகொண்டே வந்தது. சண்முகவடிவு மூன்றாவது தடவையாக ஆரம்பித்திருந்தாள். கடேசித் தடவை, இதுல போனா போனதுதான். மற்றக் கேள்விகளை எப்படி எழுதியிருக்கிறாளோ தெரியாது, இந்த ஒன்றில்தான் தேறுவதும் போவதும் இருக்குமென்று அவருக்கு ஏனோ உறுதியாகத் தோன்றிவிட்டது. அந்த மகள் வாசலில் காத்துக்கொண்டிருப்பாள், என்னம்மா, எப்படி எழுதின என்று கேட்பாள், இவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை ஆவுடையப்பனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விதி என்று ஒன்று இருக்கிறது, சரி. பறக்கும் படை வந்தால்? இந்த மழையில் பறக்கும் படையும் பறக்காது. யாராவது ஒருத்தன் மேலிடத்துக்கு எழுதிப் போட்டால்? கணக்கு வாத்தியாரையே உள்ளே விட்டு விடை சொல்லவைத்தார்கள் என்று பேப்பரில் வந்தால்? ராஜமாணிக்கம் வேலைக்கும் உலை. பென்ஷன் நேரத்தில் இதெல்லாம் தேவையா? ஆனால் தெரிந்துகொண்டே சும்மா நிற்பது மனுஷத்தன்மையா? கிணற்றில் ஒருத்தி விழப் போகிறாள், இவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் விழப் போகிறாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது தடவை இன்னும் முடியவில்லையே. முடிந்த பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? சொல்லு. சொல்லாதே. சொன்னால் அது அவள் பாஸானதாகுமா, நீ பாஸானதாகுமா? எல்லாம் மறுபடி முதலிலிருந்து. யோசித்து யோசித்து, யோசனையும் தொடங்கின இடத்துக்கே வந்து நின்றபோது, கால்கள் முடிவெடுத்துவிட்டிருந்தன. அவர் ஜன்னல் பக்கத்து இடைவெளியில் அவள் பெஞ்சுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார்.

முதல் சுற்று முடிந்திருந்தது. காஸ் வந்து நின்றது. பேனா யோசித்தது. இப்போதுதான், இந்த நிமிஷம்தான். ஆவுடையப்பன் லேசாகக் குனிந்தார். அவள் விடைத்தாளைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவள் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்; தாள் பெஞ்சின் அந்த ஓரத்துக்குப் போய், ஒரு மூலை வெளியே தொங்கியது, உடம்பை ஒடித்துக்கொண்டு எழுதப் பார்த்தாள். நேரா வச்சு எழுதுங்க என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவள் நிமிர்ந்தாள். கோபமில்லை முகத்தில், ஒரு அவசரம்தான், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேசுகிறவளின் அவசரம்.

"சார், கொஞ்சம் தள்ளி நிக்கீங்களா? வெளிச்சத்த மறைக்கீங்க."

அவர் தாளைப் பார்த்தார். அவருடைய நிழல்தான் அது. தலையும் தோளுமாக, காஸையும் சைனையும் மூடிக்கொண்டு, பெஞ்சின் பாதி வரைக்கும் விழுந்து கிடந்தது. அவள் தாள் அந்த நிழலின் விளிம்பைத் தாண்டி நாலு விரல்கடை வெளிச்சத்தில் கிடந்தது. வீட்டில் பகவதியின் மேசைக்கு விளக்கு நாற்காலிக்குப் பின்னால் சுவரில் அல்லவா இருந்தது. பின்னால்தானே அவர் நின்றார். ஓரத்தில் என்ன வைத்திருக்கிறாளோ என்று சிரித்தாரே, வெளிச்சத்தை வைத்திருந்தாள். ஒரு நாளாவது, அப்பா தள்ளுங்க என்று சொல்லியிருக்கலாமே பிள்ளை. சொல்லியிருந்தால் தள்ளியிருப்பாரா? நோட்டை அல்லவா நடுவுக்கு இழுத்து இழுத்து வைத்தார், நிழலுக்குள்ளே, தினமும், தன் கையால். பகவதி, பகவதி என்று மனசு இரண்டு தடவை கூப்பிட்டது. "மன்னிச்சிக்கிடும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த அம்மாளுக்கு அது கேட்டதா தெரியவில்லை, அவள் ஏற்கெனவே குனிந்துவிட்டாள்.

வாசலுக்குப் போய், மேற்பார்வையாளர் ஒருநாளும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார்: அறைக்கு முதுகைக் காட்டி நின்றார். வராந்தாவுக்கு வெளியே வேப்பமரம் மழையில் ஆடிக்கொண்டிருந்தது. சைக்கிள் கொட்டகையின் தகரத்தில் விழுகிற தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் பேனாச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார், பிறகு அதையும் விட்டுவிட்டார். திரும்பிப் பார் திரும்பிப் பார் என்று கழுத்து அரித்தது. விழுந்திருப்பாளோ மறுபடி. விழுந்தால் விழுந்ததுதான், அவள் கணக்கு. எழுதின கை அவளுடையது, அடிக்கிற கோடும் அவளுடையது. இவ்வளவு சின்ன விஷயம், வெறுமனே நிற்பது, இது ஏன் இவ்வளவு கனக்கிறது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. முழங்கால் வலித்தது. மணி அடிக்கிறவரைக்கும் அப்படியே நின்றார்.

மணி அடித்ததும் தாள்களை வாங்கினார். சண்முகவடிவின் தாளை வாங்கும்போது மேலட்டையை மட்டும் பார்த்தார், உள்ளே திருப்பவில்லை. கட்டின் அடியில் வைத்து நூலைச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் கைக்கு நிம்மதி வந்தது. மின்சாரம் இன்னும் வரவில்லை. எல்லாரும் போன பிறகு அவள் வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தாள்.

"சார், தள்ளி நிக்கச் சொன்னதுக்கு ஒண்ணும் நெனச்சிக்கிடாதீங்க. அந்தக் கடேசிக் கணக்குப் போட்டு உயிர வாங்கிட்டு. அப்புறம் வந்துட்டு சார்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க சார்!" அவள் கையை உயர்த்தித் தடுத்தாள், சிரித்தாள். "சரியா தப்பான்னு நீங்க சொல்லாதீங்க. எம் மவ கீழ நிக்கா. பஸ்ல போகும்போது விடைய வகையிட்டுப் பாத்துருவோம். அதே கேள்வி திரும்பி வந்துட்டுன்னா சரி, வரலன்னா தப்பு. இதுல யார்ட்டயும் கேக்கவே வேண்டாம்லா?"

குடையை விரித்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். கீழே ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து குடைக்குள் புகுந்துகொண்டது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினார்கள். விடைத்தாள் கட்டை ராஜமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்து, ஆவுடையப்பன் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க?" என்றாள் சிவகாமி.

"நானும் வாரேன்."

"எங்க?"

"கோயம்புத்தூருக்கு. ரயில்ல ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிவகாமி குழாயை மூடினாள். "அவ சொன்னது ஞாவகம் இருக்குல்லா? அங்க போயி நின்னுக்கிட்டு, மெஷின இங்க போடு, மேசைய அங்க போடுன்னு ஆரம்பிச்சியன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும், பாத்துக்கிடுங்க."

மெஷினை ஜன்னலைப் பார்க்கப் போடணும், வெளிச்சம் இடதுபக்கமிருந்து விழணும், ராத்திரி வேலைக்கு விளக்கு முன்னால் தொங்கணும், பின்னால் மட்டும் இருக்கவே கூடாது. எவ்வளவு சரியான யோசனை. எவ்வளவு நல்ல யோசனை. முழுசாக, வரி வரியாக, கீழே இரண்டு கோடு போட்டு வாயில் வந்து நின்றது.

"லைன்ல இருக்கியளா? ஏங்க? ஹலோ?" என்றாள் சிவகாமி.

ஆவுடையப்பன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், ஈரப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார்.